படுத்திருக்கும் உடலின் செலவுக் கணக்கு

அறுவை சிகிச்சைக்குப் பின் வார்டுக்கு வந்தவரின் சர்க்கரை அளவைப் பார்த்துக் குடும்பத்தார் பதறுவது எனக்குப் பழகிப்போன காட்சி. நீரிழிவே இல்லாதவருக்கு மறுநாள் காலை 180 காட்டும். “ஆபரேஷனால் சர்க்கரை வியாதி வந்துவிட்டதா, மேடம்?” என்று கேட்பார்கள். சிலருக்கு ஏற்கெனவே மறைந்திருந்த நீரிழிவு அப்போதுதான் வெளிப்படும். அதைத் தனியே சோதித்துப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அது காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை.

கத்தி பிடித்தது மருத்துவரின் கை என்பது உடலுக்குத் தெரியாது. அட்ரினலின், கார்டிசால், குளூக்ககான் என்று சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்கள் எல்லாம் ஒருசேர உயர்கின்றன. இன்சுலின் சுரந்தாலும் தசைகள் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் தசையின் புரதம் சிதைந்து அமினோ அமிலங்களாகிக் கல்லீரலுக்குப் போக, அது புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. வெறும் பட்டினி என்றால் உடல் மெல்ல மெல்லக் கொழுப்புக்கு மாறித் தசையைக் காப்பாற்றிக்கொள்ளும். காயம்பட்ட உடலில் அந்தச் சிக்கனம் சரியாக நடப்பதில்லை.

கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1930களிலேயே இதைக் கண்டறிந்தார். கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரில், புரதம் சிதைவதால் வரும் நைட்ரஜன் அளவுக்கு மீறி வெளியேறியது. ஒரு கிராம் நைட்ரஜன் என்றால் 6.25 கிராம் புரதம். தசையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 30 கிராம். ஒரே நாளில் உடல் 10 கிராம் நைட்ரஜனை இழந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு முதியவரை மறக்க முடியவில்லை. புண் சுத்தமாக ஆறி வந்தது, காய்ச்சல் இல்லை, எல்லோருக்கும் திருப்தி. நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். இரண்டு கைகளையும் ஊன்றியும் இடுப்பு மேலே வரவில்லை, தொடை நடுங்கியது. தொட்டுப் பார்த்தேன், தோலுக்கடியில் சதை தளர்ந்து கிடந்தது. “குளுக்கோஸ்தான் தினமும் ஏறியதே, சாப்பாடு எதற்கு என்று இருந்துவிட்டோம்” என்றார் மகன். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவருக்கு விளக்கியிருக்கவில்லை. ஐந்து சதவீதக் குளுக்கோஸ் ஒரு லிட்டர் ஏற்றினால் கிடைப்பது 50 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் 170 கலோரி. புரதம் துளியும் இல்லை.

அந்த முதியவரைப் போன்றவர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதம் வரை தேவைப்படும். 60 கிலோ எடை என்றால் நாளைக்கு 90 கிராம். குமட்டலோடு இருப்பவர் அதை ஒரே வேளையில் சாப்பிட முடியாது; கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை கொடுக்க வேண்டும். நோயாளியின் குறிப்பேட்டில் “உணவு உட்கொண்டார்” என்ற ஒற்றை வரியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எவ்வளவு சாப்பிட்டார்? தட்டில் மிஞ்சியது எவ்வளவு? நீண்ட நாள் சாப்பிடாமல் மெலிந்திருந்தவர் என்றால், திடீரென நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து ஆபத்தாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

டென்மார்க்கின் அறுவை சிகிச்சை மருத்துவர் ஹென்ரிக் கெலெட், நோயாளியைச் சாப்பிட விடாமல் படுக்கவைக்கும் பழைய வழக்கங்களை 1990களில் மாற்றிக் காட்டினார். வலியை நன்றாக அடக்குவது, சீக்கிரம் சாப்பிட வைப்பது, சீக்கிரம் நடக்க வைப்பது: இவைதான் அவர் வழி. முதுகில் செலுத்தும் எபிடியூரல் மருந்து வலியோடு ஹார்மோன் கொந்தளிப்பையும் தணிக்கிறது. அதனால் வலி மருந்தை நான் ஊட்டச்சத்தின் ஒரு பகுதியாகவே நினைக்கிறேன். வலியோடு இருப்பவர் சாப்பிடவும் மாட்டார், நடக்கவும் மாட்டார்.

வீடு திரும்பும்போது தையல் பிரிக்கும் தேதியும் மாத்திரைகளும் தவறாமல் எழுதப்படுகின்றன. இழந்த தசை திரும்ப மாதக்கணக்கில் ஆகும் என்பதை எழுதுவோர் குறைவு. புரத அளவையும் தினசரி நடையையும் நானே தனித்தாளில் எழுதித் தருகிறேன். பாசத்தால் பெற்றோரைக் கட்டிலை விட்டு இறங்கவிடாத பிள்ளைகளிடம் சற்றுக் கண்டிப்பாகவே பேசுகிறேன்.