கைப்பிடியை விடக்கூடாது

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஆறரைக்கே வேர்க்கிறது. பக்கத்து வீட்டு ஹஸ்கி நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்போதெல்லாம் எனக்கு அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஊர் ஞாபகம்.

போன மார்ச்சில் அங்கே இருக்கும் அக்கா என்னை, பனியில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களின் பண்ணை ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். புசுபுசுவென்று பெரிய நாய்களை எதிர்பார்த்தேன். இருந்தவை ஒல்லியான, நீண்ட கால் அலாஸ்கன் ஹஸ்கிகள்; 20, 25 கிலோ இருந்தால் அதிகம். பண்ணைக்கார அம்மா வார்ப்பட்டையைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அத்தனையும் ‘என்னைக் கூட்டிப் போ’ என்று துள்ளிக் குரைத்தன.

கடிவாளமே கிடையாது, குரல்தான். ‘ஜீ’ என்றால் வலது, ‘ஹா’ என்றால் இடது. முன்னால் ஓடும் தலைநாய்கள் கேட்டுத் திரும்பும். “விழுந்தாலும் கைப்பிடியை விடாதே, அவை உனக்காக நிற்காது” என்றார் பண்ணைக்கார அம்மா. முதல் வளைவிலேயே விழுந்தேன். விடவில்லை.

ஓட ஆரம்பித்ததும் குரைப்பு சட்டென்று அடங்கிவிட்டது. பனியில் வண்டி சறுக்கும் சத்தம் மட்டும். 1925-இல் தொண்டை அடைப்பான் நோய் பரவிய அலாஸ்காவின் நோம் ஊருக்கு மருந்து சுமந்து ஓடியவை இப்படிப்பட்ட நாய்கள்தானே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

சரி, பக்கத்து வீட்டு மாமாவிடம் பேசிவிட்டேன். நாளையிலிருந்து ஹஸ்கிக்கு விடிவதற்கு முன்பே நடை.