1900-இல் பிப்ரவரி 29 கிடையாது

எக்ஸெலைத் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று எழுதி, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாளே இல்லை, 1900 லீப் ஆண்டு அல்ல. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளில் இருந்த பிழை அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு மென்பொருளுக்குள் மட்டும் இருந்தவரை சரி. ஆனால் 2006 டிசம்பரில் எக்மா என்ற தர அமைப்பின் வழியாக வந்த ஓஓஎக்ஸ்எம்எல் தரத்தில், அதாவது இன்றைய டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளுக்கான வரையறையில், இந்தத் தப்புக் கணக்கையே விதியாக எழுதிவிட்டார்கள்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேறொன்று. வேர்ட் 95 போல இடைவெளி விடச் சொல்லும் ஒரு செட்டிங் அந்தத் தரத்தில் இருந்தது. வேர்ட் 95 எப்படி இடைவெளி விடும்? அதைச் சொல்லவில்லை, அந்த மென்பொருளைப் பார்த்து அதே மாதிரி செய்துகொள்ள வேண்டும் என்றுதான் குறிப்பு. 6,000 பக்கங்களுக்கு மேல் ஓடும் ஆவணத்தைப் படித்த பிறகும் வெளியாள் ஒருவரால் அதற்கான மென்பொருளை முழுசாக எழுத முடியாது என்றால், அது எப்படித் திறந்த தரம் ஆகும்?

இத்தனைக்கும் ஓடிஎஃப் என்ற இன்னொரு திறந்த ஆவண வடிவம் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமாகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு அதைத் தேர்ந்தெடுத்தது. அரசுகள் இப்படித் திரும்ப ஆரம்பித்ததும்தான் தன் வடிவத்துக்கும் ஐஎஸ்ஓ முத்திரை வாங்க மைக்ரோசாஃப்ட் இவ்வளவு மும்முரம் காட்டியது என்பது என் எண்ணம்.

ஐஎஸ்ஓவின் 2007 செப்டம்பர் வாக்கெடுப்பில் ஓஓஎக்ஸ்எம்எல் தேறவில்லை. அடுத்த பிப்ரவரியில் ஜெனீவாவில் 5 நாள் கூட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள், பெரும்பாலானவற்றை விவாதிக்காமலே மொத்தமாக வாக்குக்கு விட்டார்கள். ஏப்ரலில் தேறிவிட்டது. இந்தியா இரண்டு தடவையும் எதிர்த்தே வாக்களித்தது, அப்புறம் பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலாவைப் போல மேல்முறையீடும் செய்தது. எதுவும் எடுபடவில்லை.

அந்தப் பழைய பாரங்களை எல்லாம் 'டிரான்சிஷனல்' என்ற பிரிவில் ஒதுக்கி, சுத்தமான வடிவத்துக்கு 'ஸ்ட்ரிக்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஆஃபிஸ் 2013 வரும்வரை ஸ்ட்ரிக்ட்டில் சேமிக்கவே வழியில்லை. இன்றும் வேர்டில் வெறுமனே சேமித்தால் கிடைப்பது டிரான்சிஷனல்தான். உலகத்தின் பாதி அரசுக் கடிதங்கள் அதில் கிடக்கின்றன என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

நான் எழுதுவதை எல்லாம் ஓடிடி (.odt) என்ற ஓடிஎஃப் கோப்பாகத்தான் வைத்திருக்கிறேன். யாராவது டாக்எக்ஸ் கேட்டால், கடைசியில் ஒரு நகல் மாற்றி அனுப்புகிறேன்.