ஆபீசர் அம்மா எழுதிக்கொண்டு போன தாள்

எங்கள் ஊர் மேலூர் பக்கம். பெரியாறு வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். ஒரு ராத்திரி முறை தப்பியதில் பக்கத்து வயல்காரரை என் தம்பி மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டான். அவருக்கு முன்கை எலும்பு முறிந்தது. அடித்தது உண்மை, கோர்ட்டிலும் அதுதான் தீர்ப்பு.

அப்போது அவனுக்கு 21 ஆகவில்லை. இது மாதிரிக் குற்றத்துக்கு அந்த வயதுக்குள் இருப்பவரை ஜெயிலுக்கு அனுப்புமுன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோர்ட் கேட்டுப் பார்க்க வேண்டும். 1958ஆம் வருடச் சட்டம் அப்படி. அந்த அறிக்கைக்காகத்தான் ஆபீசர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "தம்பி எப்படிம்மா?" என்றார். "ஈ எறும்புக்குக்கூட தீங்கு நினைக்க மாட்டான்" என்று அம்மா முந்திக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "அன்னிக்குக் குடிச்சிருந்தான் மேடம். குடிச்சா கோபம் வரும். மத்தபடி வேலைக்காரன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். பெட்டிக்கடையில் விசாரித்தார், அடிபட்டவர் வீட்டுக்கும் போனார். அன்று ராத்திரி அம்மா என்னோடு பேசவே இல்லை.

தீர்ப்பில் ஜெயில் இல்லை. ஒழுங்காக இருப்பேன் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்கும் நன்னடத்தை பாண்டு இரண்டு வருடத்துக்கு, ஒரு வருடம் ஆபீசரின் கண்காணிப்பு, அடிபட்டவருக்கு நஷ்டஈடு. குடிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. நான் சொன்னது அதில் வந்து நின்றதைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ஆபீசர் நினைச்சா எப்ப வேணாலும் உள்ள தள்ளிடுவாங்க" என்று ஊரில் பயமுறுத்தினார்கள். அவரிடமே கேட்டேன். "நான் பிடிச்சுட்டுப் போக முடியாதும்மா. வந்து பார்ப்பேன், கேட்பேன், சொல்லிப் பார்ப்பேன். மீறினா கோர்ட்டுக்கு எழுதுவேன்" என்றார். எழுதினால் கோர்ட் சம்மன் அனுப்பலாம், வாரண்டும் போடலாம். முதல் தடவை என்றால் 50 ரூபாய்க்குள் அபராதம் போட்டு பாண்டைத் தொடரவும் விடலாம். இல்லையென்றால் பழைய குற்றத்துக்கே தண்டனை. முடிவு கோர்ட் கையில், ஆனால் அது அவர் எழுதுவதைப் பார்த்துத்தான் வரும். மதுரை மத்திய சிறையில் இருப்பவர்கள் விடுப்பு கேட்டாலும் இவர்களைப் போன்ற அலுவலர்தான் வீட்டுக்குப் போய் விசாரிப்பாராம். அவ்வளவு கனமான தாளில் பொய்யை ஏற்றிவிடாதீர்கள் என்றுதான் இப்படி வழக்கில் மாட்டிய வீட்டுக்காரர்களிடம் சொல்கிறேன்.

நஷ்டஈட்டைத் தவணையாகக் கட்டினோம். ஒரு மாதம் பணம் புரளவில்லை. மறைக்காமல் சொன்னோம். எப்படிக் கட்டி முடிப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதுவும் சட்டப்படி அவர் வேலைதானாம். எனக்கு அது பெரிய உதவி.

போன மாதம் திருப்பூர் பனியன் கம்பெனியில் தம்பிக்கு வேலை கிடைத்தது. பாண்டில் இந்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. "நானா போகச் சொல்ல முடியாது" என்று சொல்லி, நிபந்தனையை மாற்றக் கேட்டுக் கோர்ட்டுக்கு அவரே மனுப் போட்டார். ஆர்டர் வந்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி ஆரப்பாளையத்தில் தம்பி பஸ் ஏறுகிறான். அந்த ஆர்டர் நகலை மழையில் நனையாமல் இருக்க அம்மாதான் பாலித்தீன் கவரில் மடித்து அவன் பையில் வைத்தாள்.