போர்ட்டரும் டிரான்ஸ்போர்ட்டும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் திரும்பின பக்கமெல்லாம் 'டிரான்ஸ்போர்ட்' பெயர்ப்பலகைதான். பத்தாவது படிக்கும் அண்ணன் மகளுக்கு அதை வைத்தே இங்கிலீஷ் பாடம் நடத்தினேன். லத்தீனில் 'போர்ட்டாரே' என்றால் சுமப்பது. 'டிரான்ஸ்' அந்தப்பக்கம். இங்கிருந்து அங்கே சுமந்து போனால் டிரான்ஸ்போர்ட். வெளியே போனால் எக்ஸ்போர்ட், உள்ளே வந்தால் இம்போர்ட். ஜங்ஷனில் பெட்டி தூக்குகிற போர்ட்டரும் அதே குடும்பம். சப்போர்ட்டும்தான், கீழிருந்து தாங்குவது. ஆனால் காமலாபுரம் ஏர்போர்ட் வேறு கிளை. அது துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்டுஸ்' வழி வந்தது. பாஸ்போர்ட்டும் அப்படியே.

அப்புறம் ஒரு கூத்து. எக்ஸ்போர்ட் பெயர்ச்சொல் என்றால் அழுத்தம் முதல் அசையில், வினை என்றால் இரண்டாவதில். "எப்படி சித்தப்பா?" என்று கேட்டு, நடுரோட்டிலேயே இரண்டு விதமாகவும் கத்திப் பார்த்தாள். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.