ரெண்டு கோடு வந்தா நல்லதுங்களா?

ஈரோடு பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஆய்வகம் கண்டுபிடிக்கிற கோளாறை மாட்டுக்கொட்டகை வரை கொண்டுபோய்ச் சொல்வதுதான் என் பொறுப்பு. தண்ணீர் கலந்த பால் என்றால் லாக்டோமீட்டரைக் காட்டினால் போதும். கொஞ்சம் சண்டை நடக்கும், அப்புறம் சரியாகிவிடும். அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு அப்படியில்லை.

2019 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பால் ஆய்வறிக்கை வந்தது. நாடு முழுக்க எடுத்த 6,432 மாதிரிகளில் 368-ல், அந்த நஞ்சு பாலில் வரும் வடிவமான அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் 88 தமிழ்நாட்டு மாதிரிகள், மாநிலங்களிலேயே அதிகம். எங்கள் அலுவலகத்தில் உடனே கூட்டம் போட்டார்கள், என் கையில் ஒரு கட்டு நோட்டீஸைக் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள்.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளத்தில் இருக்கும் நஞ்சு மாட்டின் ஈரலில் உருமாறி, ஒரு நாளைக்குள் பாலுக்கு வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். மைக்ரோகிராம் யாருக்குப் புரியும் என்று, பத்தாயிரம் லிட்டர் டேங்கர் 200 நிறுத்தி, அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம் கலந்த மாதிரி என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "அத்தனூண்டுக்கா தம்பி இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்தீங்க?" அளவு எவ்வளவு சின்னது என்று விளக்கி, ஆபத்தையும் நானே சின்னதாக்கியிருந்தேன்.

சரி, கண்ணால் காட்டுவோம் என்று பரிசோதனைப் பட்டைகளை எடுத்துப்போனேன். பாலில் வைத்தால் சில நிமிடங்களில் கோடு விழும். இந்தப் பட்டையில் இரண்டு கோடும் விழுந்தால் பால் நல்லது. நஞ்சு அதிகமானால் ஒரு கோடு மறைந்துவிடும். கொரோனா இரண்டாம் அலை முடிந்த சமயம் அது. தன் பாலில் இரண்டு கோடு விழுந்ததைப் பார்த்த ஒரு அக்கா, "ஐயோ, மாட்டுக்கும் வந்திருச்சுங்களா சார்?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு அடுத்து நின்றவரின் பட்டையில் ஒரே கோடு. அவர் நிம்மதியாகக் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே ஓடினேன்.

அந்த ஒற்றைக் கோட்டுக்காரர் வீட்டில் புண்ணாக்குச் சாக்கு ஈரச் சுவரை ஒட்டி, வெறும் சிமென்ட் தரையில் கிடந்தது. ஐப்பசி மழை. மேலே பார்த்தால் நல்ல புண்ணாக்கு. சாக்கைப் புரட்டினால் அடியில் பச்சையும் சாம்பலுமாகக் கட்டி கட்டியாக இருந்தது. "மாடு மூஞ்சியத் திருப்புனா நானே போட மாட்டனுங்க, அது நல்லாத் திங்குதுங்களே" என்றார். அந்தச் சாக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாலு நாள் கழித்துப் போய் மறுபடி பட்டையை வைத்தேன். இரண்டு கோடு. என் பேச்சு, நோட்டீஸ் எல்லாவற்றையும்விட அந்த நாலு நாள்தான் ஊரில் பரவியது.

ஆனால் அவர் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. "நல்ல புண்ணாக்கு விலை கூடங்க. பாலுக்கு ஒரு ரூவா கூட்டித் தருவீங்களா?" நாங்கள் கொழுப்புக்கும் எஸ்என்எஃப்புக்கும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) விலை போட்டோம், நஞ்சில்லாததற்கு விலைப்பட்டியலில் கட்டமே இல்லை. மேலே எழுதிப் போட்டேன். இரண்டு முறை. சாக்கு அடுக்க மரப்பலகை தருவதாகப் பதில் வந்தது, பலகையும் வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அதே வீட்டுக்குப் போனேன். பலகை மேல் சாக்கு, சுவருக்கும் சாக்குக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. சொன்னது சொன்னபடி. மூலையில் மட்டும் ஒரு பழைய சாக்கு, பூசணம் மேலேயே தெரிந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"அது பால் வத்துன மாட்டுக்குங்க" என்றார். "நீங்க பாலுக்குத்தானுங்களே ஆகாதுன்னீங்க?"

அந்த நஞ்சு மாட்டின் ஈரலையும் கெடுக்கும் என்று நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை. பலகை ஓரமாக உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.