பழைய மெயில்களை டேப்லெட்டில் பார்க்க: சர்வர் வழியே போங்கள்

பழைய பாப்3 (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) கணக்கின் மெயில்கள் பல சமயம் கம்ப்யூட்டரில், தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமின் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் மட்டும்தான் இருக்கும். சர்வரில் ஒன்றும் மிஞ்சாமல் போயிருக்கலாம். அந்த ஃபைல்களை யூஎஸ்பி வழியாக டேப்லெட்டில் போட்டாலும் பயனில்லை. ஒவ்வொரு ஃபோல்டரும் எம்பாக்ஸ் என்ற ஒரே நீளமான ஃபைல். ஜிமெயில் ஆப்புக்கு அதைத் திறக்கத் தெரியாது.

அதனால் மெயிலை ஜிமெயிலுக்கு ஏற்றிவிடுவதே சரி. தண்டர்பேர்டிலேயே ஜிமெயிலை ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) கணக்காகச் சேருங்கள்: சர்வர் imap.gmail.com, போர்ட் 993, எஸ்எஸ்எல். பாஸ்வேர்டுக்குப் பதில் ஓஆத்2 தேர்ந்தெடுத்தால் கூகுள் லாகின் ஜன்னல் வரும். ஜிமெயில் கணக்கின் கீழ் ‘பழையவை’ என்றொரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு லோக்கல் ஃபோல்டரில் மெயில்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ‘காப்பி டு’ கொடுங்கள். ‘மூவ் டு’ வேண்டவே வேண்டாம்: பாதியில் நெட் போனால் எது போனது, எது தங்கியது என்று தேடி அலைய வேண்டும்.

ஒரே மூச்சில் பத்தாயிரம் மெயிலை இழுத்துப் போட்டால் பாதி வழியில் நின்றுவிடும். ஐந்நூறு ஐந்நூறாகப் போடுங்கள். ஐமேப் வழியே ஒரு நாளில் 500 எம்பிதான் ஏற்ற ஜிமெயில் விடும். மீறினால் கணக்கு சில மணி நேரம், சமயத்தில் ஒரு நாள்கூட முடங்கும். 3 ஜிபி இருந்தால் ஒரு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சைஸ்’ என்ற நெடுவரிசைத் தலைப்பைச் சொடுக்கி, பெரிய இணைப்புள்ளவற்றை முதலில் பிரித்துவிட்டால் வேலை குறையும். 25 எம்பி தாண்டியவற்றை ஜிமெயில் ஏற்காமல் போகலாம். அவற்றின் இணைப்பைத் தனியே சேமியுங்கள். இலவச 15 ஜிபியை டிரைவும் போட்டோஸும் பங்குபோடுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரு பக்கமும் ஃபோல்டரில் எத்தனை மெயில் என்ற எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் அடுத்த ஃபோல்டர்.

டேப்லெட்டில் அதே ஜிமெயிலைச் சேர்த்தால் போதும். பழையவை நெட் இருந்தால் தேடலில் வரும்; நெட் இல்லாமல் வேண்டுமானால் ஆப் அமைப்பில் ‘சிங்க் செய்யும் நாட்கள்’ 30 என்றிருப்பதைக் கூட்டுங்கள். இடம் கொஞ்சம் தின்னும்.

தமிழ் மெயிலில் மட்டும் ஒரு தலைவலி. யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டிஸ்கி என்ற பழைய எழுத்து முறைகளில் அடித்த மெயில்கள் டேப்லெட்டில் கொச்சையான எழுத்துக் குவியலாகத் தெரியும். பாமினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகவே நிற்கும். மெயில் கெட்டுவிடவில்லை, அந்த ஃபாண்ட் டேப்லெட்டில் இல்லை, அவ்வளவுதான். அந்த உரையைக் காப்பி செய்து யூனிகோட் மாற்றியில் போட்டுப் படியுங்கள். பாமினிக்கு டிஸ்கி மாற்றியைப் போட்டால் இன்னும் குழம்பும், எது எந்த எழுத்துரு என்று முதல் வரியை வைத்தே சோதித்துவிடலாம்.