அகழிக்கு மேல் ஒரு ஊர்

மதுரையில் நான் பத்திரம் எழுதுகிறவன். அண்மையில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் உள்ள ஒரு கட்டடத்துக்குக் கிரயப் பத்திரம் எழுத ஒருவர் வந்தார். "திருமலை நாயக்கர் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் இதே மனையில்தான் இருக்கிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா" என்றார். "அப்படியானால் உங்கள் முன்னோர் அகழித் தண்ணீரிலோ கோட்டைச் சுவரின் உச்சியிலோதான் குடியிருந்திருக்க வேண்டும்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது மனிதருக்கு.

கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் வீதிகள் எல்லாமே ஒரே காலத்தவை என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி: இவை பழையவை. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் சுற்றுகிறது. அதற்கு அப்பால் விசுவநாத நாயக்கர் எழுப்பிய கோட்டை இருந்தது. அதன் 72 கொத்தளங்களையும் ஒரு கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் என்று பிரித்துக் காவலுக்கு விட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கோட்டையைச் சுற்றி அகழி.

1837இல் அந்தச் சுவரை இடிக்கத் தொடங்கினார்கள். அப்போது கலெக்டர் ஜான் பிளாக்பர்ன். உள்ளே ஜனம் நெருக்கியடித்துக் கிடந்தது, அகழியோ நாற்றமெடுத்த குட்டை. கோட்டையின் போர்க்காலமும் முடிந்திருந்தது. அவர் செய்த ஏற்பாட்டை ஒரு பத்திரக்காரனாக நான் ரசிக்கிறேன்: சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு, அப்படிக் கிடைக்கும் நிலத்தில் மனை. காசுக்குப் பதில் மண். ஜனம் கடப்பாரையோடு வந்துவிட்டது. இடித்த கல்லும் மண்ணும் அகழிக்குள் போயின. அதன்மேல் வீதிகள் எழுந்தன. வேலையை மேற்பார்த்த சர்வேயர் மாரட், மேஸ்திரி பெருமாள் இருவரின் பெயர்களும் இரண்டு வீதிகளுக்கு வந்தன. கோட்டைக்கு வெளியே அமைந்தது வெளி வீதி. தெய்வத்தின் மாதங்களைப் பெயராகக் கொண்ட வீதிகளைத் தாண்டியதும் ஒரு மேஸ்திரியின் பெயர்! இந்தியாவில் எத்தனை ஊர்களுக்கு இந்தப் பெருமை உண்டோ. கலெக்டருக்கு வீதி கிடைக்கவில்லை. நன்றியுள்ள ஊர்க்காரர்கள் விளக்குத்தூண் நட்டார்கள். இன்று ஜவுளிக் கடைக்குப் போகிறவர்கள் அந்த இடத்துக்கு வழி சொல்ல மட்டும் அவரைப் பயன்படுத்துகிறார்கள், அவர் பெயர் தெரியாமலே.

சாலை போட வந்தவர்கள் கோயிலை நோக்கி நேர்கோடு கிழித்து ஊரைப் பிளக்கவில்லை. இருந்த சுற்றுகளுக்கு வெளியே மேலும் சில சுற்றுகள் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அதனால்தான் புது வீதியும் பழைய வீதியைப் போலவே தெரிகிறது, என்னிடம் வந்தவரும் ஏமாந்தார். இதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. ஆட்டோவில் கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர் பாதி ஊரைச் சுற்றியாக வேண்டும்.

1875இல் ரயில் வந்தபோது நிலையம் மேலவெளி வீதிக்கு வெளியே அமைந்தது. சுவர் போன பக்கத்தில் தண்டவாளம் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றும் அந்தப் பக்கம் போகப் பாலத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாகக் கோயிலுக்கு நடக்கும் யாத்ரிகர்களை நம்பி மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜுகள் முளைத்தன. நம்மவர் விற்றதும் அப்படி ஒரு லாட்ஜ்தான். நான்கெல்லையையும் ஜாதியடியையும் (மனையின் நீள அகல அளவை) மட்டும் எழுதிக் கொடுத்தேன், நாயக்கரை விட்டுவிட்டேன்.

கோட்டை முழுவதும் போய்விடவில்லை. பெரியார் பஸ் நிலையத்தின் அருகே மேற்கு வாசலின் கொத்தளம் ஒன்று கருங்கல்லாக இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே பஸ் மாறுகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். சுவரின் கனத்தைக் கண்டால், அதை இடித்தவர்களுக்கு மனை கொடுத்தது நியாயம்தான் என்று தோன்றும்.